புரூக்வுட் மையவாடி: திருக்குர்ஆனுக்குத் தொண்டாற்றிய இருவர் உறங்கும் மண்

நமது பள்ளிவாசல் நூலக அலமாரியில் திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இரண்டு அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அல்லாமா அப்துல்லாஹ் யூசுஃப் அலீ அவர்களுடையது. மற்றொன்று முஹம்மத் மர்மடியூக் பிக்தால் அவர்களுடையது. ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகளும், வளைகுடா நாடுகளிலிருந்து விடுப்பில் வரும் இளைஞர்களும் அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்வதைக் காண்கிறோம். இவ்விருவருள் ஒருவர் பம்பாயில் பிறந்தவர். மற்றவர் லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். வாழ்ந்த காலத்தில் இருவரின் பாதைகளும் வேறு வேறு. ஆயினும் இன்று இருவரும் ஒரே மையவாடியில் அடங்கியுள்ளனர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், வோக்கிங் நகரை அடுத்துள்ள புரூக்வுட் என்னும் இடத்தில் அந்த மையவாடி இருக்கிறது. மண்ணறைகளைச் சென்று காண்பது மறுமையை நினைவூட்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். கப்ருகளைக் கட்டி உயர்த்திப் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அங்கே அடங்கியுள்ளோரின் வாழ்வும் முடிவும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறந்தோருக்கு இடமில்லாத நகரம்

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் லண்டன் மாநகரின் மக்கள் தொகை 10 இலட்சம் என்ற அளவிலிருந்து 20 இலட்சத்திற்கும் மேலாகப் பெருகியது. நகரினுள் இருந்த தேவாலயக் கல்லறைத் தோட்டங்களோ அப்படியே இருந்தன. பழைய கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அப்புறப்படுத்தி விட்டுப் புதிய உடல்களைப் புதைக்கும் நிலை உண்டாயிற்று. 1848, 1849 ஆம் ஆண்டுகளில் பரவிய காலரா நோய் லண்டனில் ஏறத்தாழ 15,000 உயிர்களைப் பறித்தபோது நிலைமை எல்லை மீறியது.

இதற்குத் தீர்வாக, நகருக்கு வெளியே பெரியதொரு அடக்கத்தலம் அமைக்க 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த நிறுவனம் லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், வோக்கிங் பகுதியின் புதர்க் காட்டு நிலத்தில் 2,000 ஏக்கர் அளவுக்கு வாங்கியது. அதில் ஒரு பகுதியில் 1854 நவம்பரில் புரூக்வுட் அடக்கத்தலம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய அடக்கத்தலம் அதுவே.

இவ்வளவு தொலைவுக்கு உடல்களைக் கொண்டு செல்வது எவ்வாறு? அதற்கெனத் தனி இரயில் விடப்பட்டது! வாட்டர்லூ நிலையத்தின் அருகே அந்த இரயிலுக்கென்றே ஒரு நிலையம் கட்டப்பட்டது. உயிரோடிருப்போருக்கு மட்டுமன்றி, இறந்தோரின் பெட்டிகளுக்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பாகுபாடு இருந்தது. உறவினர்களுக்குப் போக வரப் பயணச்சீட்டு. இறந்தவருக்கோ போவதற்கு மட்டும். இந்தச் செய்தியைப் படிக்கும்போது நம்மையறியாமல் ஒரு கணம் நின்று விடுகிறோம். 1941 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் அந்த நிலையம் அழிந்தது. அதன்பின் அந்த இரயில் ஓடவில்லை.

புரூக்வுட்டில் இதுவரை இரண்டு இலட்சத்திற்கும் அதிகமானோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வெவ்வேறு சமயத்தாரும் சமூகத்தாரும் தத்தமக்கெனத் தனிப்பகுதி பெற்றுக் கொள்ள அங்கே வழி இருந்தது. 1862இலேயே பார்சி சமூகத்தினர் தமக்கென இடம் பெற்று விட்டனர். நம் நாட்டின் தொழில்துறை முன்னோடி ஜம்ஷெட்ஜி டாட்டா 1904இல் ஜெர்மனியில் காலமானபின், அவருடைய உடல் அடக்கப்பட்டதும் இங்குதான்.

முஸ்லிம்களுக்கென ஓர் இடம்

முஸ்லிம்களுக்கு இங்கே தனியிடம் கிடைக்கக் காரணமாயிருந்தவர் ஒரு முஸ்லிம் அல்லர் என்பது வியப்புக்குரியது. ஹங்கேரியில் பிறந்து, பன்மொழிப் புலவராகத் திகழ்ந்து, லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர் டாக்டர் லைட்னர். அவர் 1880களில் வோக்கிங்கில் கீழ்த்திசைக் கல்வி நிலையம் ஒன்றை நிறுவினார். அங்கு வரும் முஸ்லிம்கள் தொழுவதற்குப் பள்ளிவாசலும், மவுத்தானால் அடங்குவதற்கு மையவாடியும் வேண்டும் என்று கருதினார். போபாலை ஆண்ட ஷாஜஹான் பேகம் அவர்களின் பொருளுதவியால் 1889இல் வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசல் எழுந்தது. பிரிட்டனில் பள்ளிவாசலாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் கட்டடம் அதுவே. புரூக்வுட்டில் முஸ்லிம்களுக்கென ஒரு பகுதியும் அவர் முயற்சியால் ஒதுக்கப்பட்டது. 1899இல் மறைந்த லைட்னரும் புரூக்வுட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் ஊர்களில் கிப்லா மேற்கே இருப்பதால் கப்ருகள் வடக்குத் தெற்காக அமைகின்றன. இங்கிலாந்திலோ கிப்லா தென்கிழக்குத் திசையில் உள்ளது. மய்யித்தின் முகத்தைக் கிப்லாவுக்கு நேராக வைத்து அடக்க வேண்டுமானால், கிறிஸ்தவக் கல்லறைகளுடன் ஒரே வரிசையில் குழி தோண்ட முடியாது. தனியிடம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இங்கே முதன்முதலில் அடக்கப்பட்டவர் பிரபுவோ அறிஞரோ அல்லர். லண்டனில் நடைபெற்ற இந்தியக் கண்காட்சியில் வித்தை காட்ட வந்த ஏழைக் கலைஞர் அவர். ஷேக் நுபி என்று ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயர் காணப்படுகிறது. வந்த இடத்தில் 1895இல் அவர் மவுத்தானார். பிற்காலத்தில் நீதியரசர்களும் பிரபுக்களும் மன்னரும் வந்து சேர்ந்த மண்ணில் முதலில் இடம் பெற்றவர் அந்த எளியவரே.

நீதியரசரும் வழக்கறிஞரும் பிரபுவும்

சையித் அமீர் அலீ அவர்கள் 1849இல் ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தவர். கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக 1890 முதல் பணியாற்றினார். 1904இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் குடியேறினார். 1909இல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்ற சிறப்பைப் பெற்றார். இஸ்லாத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு அவர்களின் மொழியிலேயே விளக்கிய நூலாசிரியர் அவர். லண்டனில் ஒரு பள்ளிவாசல் எழ வேண்டுமென 1910இல் நிதி திரட்டத் தொடங்கினார். 1928இல் அவர் வஃபாத்தானார். அந்நிதியைக் கொண்டு கிழக்கு லண்டனில் பள்ளிவாசல் திறக்கப்பட்டது 1941இல்தான். விதைத்தவர் பலனைக் காணவில்லை. எனினும் விதை வீணாகவில்லை.

லிவர்பூல் நகர வழக்கறிஞர் வில்லியம் ஹென்றி குவில்லியம் அவர்கள் 1887இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார். 1889இல் அந்நகரில் ஒரு வீட்டைத் தொழுமிடமாக்கி, முஸ்லிம் கல்வி நிலையத்தையும் தொடங்கினார். உதுமானியப் பேரரசர் சுல்தான் அப்துல் ஹமீத் அவர்கள் 1894இல் அவருக்கு பிரிட்டிஷ் தீவுகளின் ஷைகுல் இஸ்லாம் என்னும் பட்டத்தை வழங்கினார். 1908இல் அவர் நாட்டை விட்டு வெளியேறியபின் லிவர்பூல் ஜமாஅத் சிதறியது. பின்னர் வேறு பெயருடன் இங்கிலாந்து திரும்பி வாழ்ந்த அவர், 1932இல் லண்டனில் காலமானார். ஒரு நாட்டின் ஷைகுல் இஸ்லாமாக விளங்கியவரின் கப்ரில் மீஸான் கல்கூட நடப்படவில்லை.

ஹெட்லி பிரபு பொறியாளர். காஷ்மீரின் பாராமுல்லா, ஸ்ரீநகர் சாலைப் பணியில் ஈடுபட்டவர். 1913 நவம்பரில் அவர் இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் பரபரப்படைந்தன. பிரபு ஒருவர் முஸ்லிமாவது அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. 1923இல் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றிய அவர், 1935இல் மறைந்து இங்கே அடங்கினார்.

சென்னைக்கு வந்த பிக்தால்

பிக்தால் அவர்கள் 1875இல் லண்டனில் பிறந்தார். இளமையிலேயே எகிப்து, பாலஸ்தீனம், சிரியா ஆகிய நாடுகளில் சுற்றி அரபு மொழியைக் கற்றார். நாவலாசிரியராகப் புகழ் பெற்றார். 1917 நவம்பரில், லண்டனில் ஆற்றிய ஓர் உரையின் முடிவில், தாம் முஸ்லிம் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். 1920இல் பம்பாய்க்கு வந்து நாளிதழ் ஆசிரியரானார். 1925 முதல் ஹைதராபாத் நிஜாமின் கல்வித் துறையில் பணியாற்றினார்.

நம் தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. கல்வி வள்ளல் ஜமால் முகம்மது அவர்களின் முயற்சியால் சென்னையில் இஸ்லாமியச் சொற்பொழிவு வரிசை ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. 1925இல் மவ்லானா சையித் சுலைமான் நத்வி அவர்களும், 1927இல் பிக்தால் அவர்களும், 1929இல் அல்லாமா இக்பால் அவர்களும் அவ்வரிசையில் உரையாற்றினர். இஸ்லாமியப் பண்பாடு பற்றி பிக்தால் நிகழ்த்திய அவ்வுரைகள் நூலாகவும் வெளிவந்தன. இன்றும் அது படிக்கப்படுகிறது. திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியைக் காணும்போது இச்செய்தியையும் நாம் நினைவு கூரலாம்.

குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்ப்பதற்காக நிஜாம் அவருக்கு இரண்டாண்டு விடுப்பை முழு ஊதியத்துடன் அளித்தார். பிக்தால் தம் கைப்பிரதியுடன் எகிப்துக்குச் சென்று அங்குள்ள அறிஞர்களுடன் கலந்தாய்வு செய்தார். 1930இல் அம்மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. இது குர்ஆன் அன்று, குர்ஆனின் பொருளை ஆங்கிலத்தில் தரும் முயற்சி மட்டுமே என்பதை அவர் நூலின் தலைப்பிலேயே உணர்த்தினார். 1935இல் ஓய்வு பெற்று நாடு திரும்பியவர், 1936 மே மாதம் கார்ன்வாலில் வஃபாத்தானார். புரூக்வுட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

யூசுஃப் அலீ அவர்களின் இறுதி நாள்

1872இல் பம்பாயில் பிறந்த யூசுஃப் அலீ அவர்கள், 19 வயதிலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றார். ஐ.சி.எஸ். தேர்வில் வென்று ஐக்கிய மாகாணத்தில் உயர் அதிகாரியாகப் பணியாற்றி, 1914இல் விலகினார். லாகூர் இஸ்லாமியக் கல்லூரியின் முதல்வராக இருமுறை பொறுப்பு வகித்தார். 1928இல் சர்வதேச சங்கப் பேரவையில் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்தார். 1938இல் கனடாவின் எட்மண்டன் நகரில் அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது அவ்விழாவில் பங்கேற்றார்.

இத்தனை அலுவல்களுக்கிடையே அவர் செய்த குர்ஆன் மொழிபெயர்ப்பு, 1934 முதல் லாகூரில் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட அடிக்குறிப்புகளுடன் சில ஆண்டுகளில் அப்பணி நிறைவுற்றது. அக்குறிப்புகள் சிலவற்றில் கருத்து வேறுபாடு கொள்ளும் உலமாக்கள் உண்டு. ஆயினும் ஆங்கிலம் அறிந்த முஸ்லிம் இல்லங்களில் அதைப்போல் பரவிய மொழிபெயர்ப்பு பிறிதொன்று அரிது.

அவருடைய குடும்ப வாழ்வு அமைதியாக அமையவில்லை. முதல் மணவாழ்க்கை முறிவில் முடிந்தது. பிள்ளைகளுடன் இருந்த உறவு கசந்தது. முதுமையில் லண்டனில் தனியராக, மனமும் உடலும் தளர்ந்த நிலையில் அவர் வாழ்ந்தார்.

1953 டிசம்பர் 9. கடுங்குளிர்க் காலம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் ஒரு வீட்டின் வாசற்படியில், தன்னிலை மறந்தவராய் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். காவலர்கள் அவரை மருத்துவமனையில் சேர்த்தனர். மறுநாள் அங்கிருந்து முதியோர் இல்லம் ஒன்றிற்கு மாற்றப்பட்டார். அங்கே மாரடைப்பு ஏற்பட்டு, மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். சில மணி நேரத்தில், டிசம்பர் 10 அன்று, அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 81. உடலைப் பெற்றுக் கொள்ள உறவினர் எவரும் வரவில்லை. செய்தியறிந்த பாகிஸ்தான் தூதரகத்தார் முன்வந்து புரூக்வுட்டில் அவரை அடக்கம் செய்வித்தனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

சகோதரர்களே! அந்த டிசம்பர் இரவில் உலகின் எத்தனையோ இல்லங்களில் அவருடைய எழுத்து விரித்து வைக்கப்பட்டிருந்திருக்கும். எழுதியவரோ ஒரு வாசற்படியில் யாருமற்று அமர்ந்திருந்தார். நூலைப் போற்றிய சமுதாயம் நூலாசிரியரை மறந்து விட்டது.

இடம் மாறிய கப்ருகள்

முதல் உலகப் போரில் காயமுற்ற இந்திய வீரர்களுக்கு, இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் முதலிய இடங்களில் மருத்துவமனைகள் அமைக்கப்பட்டன. முஸ்லிம் வீரர்களின் உடல்கள் உரிய முறையில் அடக்கப்படுவதில்லை என்று ஜெர்மானியர் பிரச்சாரம் செய்தனர். அதனை மறுக்கும் வகையில் பிரிட்டிஷ் அரசு வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே, ஹார்செல் பொதுநிலத்தில், கவிகை வாயிலும் சுற்றுச்சுவரும் கொண்ட தனி மையவாடியை 1917இல் கட்டி முடித்தது. இரு உலகப் போர்களிலும் உயிர்நீத்த 27 முஸ்லிம் வீரர்கள் அங்கே அடங்கினர்.

ஆனால் காலம் செல்லச் செல்லக் கவனிப்பாரின்றிப் போயிற்று. விஷமிகள் மீஸான் கற்களைச் சேதப்படுத்தினர். வேறு வழியின்றி 1960களின் இறுதியில் அவ்வீரர்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு, புரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்திற்கு மாற்றப்பட்டன. பழைய இடம் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. பின்னர் செப்பனிடப்பட்டு, 2015இல் அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வீரருக்கு ஒன்றாக 27 மரங்கள் அங்கே நடப்பட்டுள்ளன. ஓர் அரசே கட்டிய மையவாடியும் பராமரிக்க ஒரு ஜமாஅத் இல்லையெனில் ஐம்பது ஆண்டுகள்கூடத் தாங்காது என்பதற்கு இது சான்று.

நாடிழந்தோர்

பிற்காலத்தில் அடங்கியோரில், தாய்மண்ணுக்குத் திரும்ப இயலாதோர் சிலர் உள்ளனர். யமன் நாட்டின் கடைசி மன்னர் இமாம் முஹம்மத் அல்பத்ர், 1962இல் அரியணை ஏறிய ஒரே வாரத்தில் புரட்சியால் அதனை இழந்தார். அவர் 1996இல் இங்கே அடங்கினார். பாலஸ்தீனக் கேலிச்சித்திரக் கலைஞர் நாஜி அல் அலீ, 1987இல் லண்டன் தெருவில் சுடப்பட்டு உயிர் நீத்தார். லெபனானின் ஐனுல் ஹில்வா அகதி முகாமில், தம் தந்தையின் அருகில் அடக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அது நிறைவேறவில்லை. பாக்தாதில் பிறந்து உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் 2016இல் காலமாகி, தம் தந்தைக்கும் சகோதரருக்கும் இடையே அடங்கினார்.

நம் மையவாடியும் நாமும்

கடல் கடந்த ஊரின் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சிறுவயதில், பெருநாள் தொழுகை முடிந்ததும், வாப்பா அவர்கள் என்னை நம் மையவாடிக்கு அழைத்துச் செல்வார்கள். ஒரு புளியமரத்திலிருந்து இத்தனை எட்டு என்று அளந்து, இதுதான் உன் பாட்டனாரின் கப்ர் என்று காட்டுவார்கள். வாப்பாவும் மவுத்தாகிவிட்டார்கள். அந்தப் புளியமரமும் இப்போது இல்லை. பாட்டனாரின் கப்ர் எங்கே என்று என் மகனுக்குக் காட்ட என்னால் இயலவில்லை. பதிவேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். கல்லும் சுண்ணாம்பும் தேவையில்லை.

மய்யித்தைக் குளிப்பாட்டுவதும், கபனிடுவதும், ஜனாஸா தொழுவதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா என்பதை நாம் அறிவோம். சிலர் நிறைவேற்றினால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் அனைவரும் குற்றவாளிகள். அல்ஹம்துலில்லாஹ், இக்கடமையில் நம் ஜமாஅத் குறை வைப்பதில்லை. மவுத்துச் செய்தி ஒலிபெருக்கியில் கேட்டதும் கடையை அடைத்துவிட்டு ஓடி வருகிறோம். சந்தூக்கைத் தூக்க முந்துகிறோம். ஆனால் அந்தச் செய்திக்கு முந்தைய நாள்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் முதியோர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? அவர்களின் கதவைத் தட்டுவோர் யார்? யூசுஃப் அலீ அவர்களுக்கும் ஜனாஸா அடக்கம் முறைப்படி நடந்தது. அவருக்குக் கிடைக்காமற் போனது அதற்கு முந்தைய நாளின் ஓர் உறவுக்குரல்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நிர்வாகக் குழுவினரின் மேலான பரிசீலனைக்கு வைக்கிறேன். முதலாவது, தனியே வாழும் முதியோரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, வாரம் ஒருமுறையேனும் அவர்களைச் சென்று பார்க்க இளைஞர்களை நியமித்தல். இரண்டாவது, இனி அடக்கப்படும் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், நாள், வரிசை எண் ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்து, பெரியவர்களின் நினைவில் உள்ள பழைய கப்ருகளின் விவரங்களையும் இப்போதே கேட்டு எழுதி வைத்தல். மூன்றாவது, மழைக்காலத்திற்கு முன் ஆண்டுதோறும் மையவாடியின் கருவேல முட்களை அகற்றிச் சுற்றுச்சுவரைச் செப்பனிடுதல். இவற்றுள் பெரும்பொருள் தேவைப்படுவது எதுவுமில்லை. மனம்தான் தேவை.

புரூக்வுட்டில் முதலில் அடங்கிய வித்தைக் கலைஞரும், நீதியரசர் அமீர் அலீ அவர்களும், முடியிழந்த மன்னரும் இன்று ஒரே மண்ணில் சமமாகக் கிடக்கின்றனர். அவர்களையும், நம் மையவாடியில் அடங்கியுள்ள பெயர் தெரிந்த, பெயர் தெரியாத நம் முன்னோர் அனைவரையும் வல்ல அல்லாஹ் மன்னித்து, அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்கி வைப்பானாக. நம்மில் எவரும் நம்மிடையே வாழும்போதே மறக்கப்பட்டு விடாதவாறு நம் ஜமாஅத்தைக் காப்பானாக. ஆமீன்.